கேட் பாஸ் இருக்கிறதா?

கல்நார் வேலை செய்து நெஞ்சு கெட்டவர்கள் என் அலுவலகத்துக்கு வந்தால் முதலில் எக்ஸ்ரே கவரைத்தான் மேசைமேல் வைப்பார்கள். நான் அதை ஓரமாக நகர்த்திவிட்டு, "ஈ.எஸ்.ஐ. அட்டை இருக்குதா? பி.எஃப். சிலிப்பு? பழைய கேட் பாஸ் ஏதாவது?" என்று கேட்பேன். மூச்சு வாங்க மாடிப்படி ஏறி வந்தவரிடம் காகிதம் கேட்பது கொஞ்சம் இரக்கமில்லாத காரியம்தான். ஆனால் இந்த நோய்க்கு இந்தியாவில் சட்டமே இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். சட்டம் நிறையவே இருக்கிறது. அதனிடம் போகக் கையில் இரண்டு காகிதம் வேண்டும். அங்கே வேலை செய்தேன் என்பதற்கு ஒன்று; அந்த வேலையால்தான் இந்த நோய் என்று ஒரு மருத்துவர் எழுதிக் கொடுத்தது இன்னொன்று. முப்பது வருடம் கழித்து இரண்டையும் தேடுவதுதான் எங்கள் தொழிலில் பாதி.

என்னிடம் வருகிறவர்களில் பலர் வடசென்னைக்காரர்கள். 'லேகிங்' வேலை பார்த்தவர்கள். அதாவது கொதிகலன் மேலும் நீராவிக் குழாய் மேலும் கல்நார்க் கயிறும் துணியும் சுற்றி, அதன்மேல் பூச்சு பூசுகிறவர்கள். பழுதுபார்ப்பு நாட்களில் பழைய சுற்றைக் கொத்தி எடுப்பதும் அவர்கள்தான், தூசி அதிகம் பறப்பதும் அப்போதுதான். அடுத்து பிரேக் லைனிங் அரைத்துத் துளை போட்டவர்கள், சிமெண்ட் ஷீட் ஆலையில் மூட்டையைக் கிழித்துக் கலவைத் தொட்டியில் கொட்டியவர்கள். ஊர்ப் பேச்சில் எல்லாமே 'ஆஸ்பெட்டாஸ் கம்பெனி'. பிரிட்டன் 1999-இல் கல்நாரைத் தடை செய்தது. ஒரு காலத்தில் நமக்கு மூட்டை மூட்டையாக அனுப்பிய கனடாவே 2018-இல் தடை செய்துவிட்டது. நாம் இன்னும் வெள்ளைக் கல்நாரை ரஷ்யாவிலிருந்தும் கஜகஸ்தானிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் இறக்கிக்கொண்டிருக்கிறோம். தடை கேட்டுப் போடப்பட்ட மனுவை உச்ச நீதிமன்றம் 2011 ஜனவரியில் ஏற்கவில்லை. ஆகவே என்னிடம் வரப்போகிறவர்கள் இப்போதும் எங்கோ வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்.

மருத்துவக் காகிதத்திலிருந்து தொடங்குகிறேன். இருமல், இளைப்பு, எடை குறைவு என்று ஒரு கூலித் தொழிலாளி போனால், அரசு மருத்துவமனையாக இருந்தாலும் தெருமுனை கிளினிக்காக இருந்தாலும் முதல் சந்தேகம் காசநோய்தான். அதில் தப்பில்லை, நம் ஊரில் அதுதான் அதிகம். ஆனால் சளியில் கிருமியே இல்லாதவர் இரண்டு முறை, மூன்று முறை காசநோய் மாத்திரை சாப்பிட்டு முடித்திருப்பார். அவருடைய ஓ.பி. சீட்டுகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் எதிலும் 'என்ன வேலை செய்தீர்கள்' என்ற கேள்விக்குப் பதில் இருக்காது. 'கூலி' என்று ஒரு சொல் இருந்தால் உண்டு. கல்நார்த் தூசி நுரையீரலில் தங்கித் தழும்பை உண்டாக்க, அதாவது ஆஸ்பெஸ்டோசிஸ் வர, பத்து, இருபது வருடம் எடுக்கும். மீசோதெலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் இருபதிலிருந்து ஐம்பது வருடம்வரை ஒளிந்திருக்கும். அவ்வளவு பின்னால் போய்க் கேட்க ஓ.பி. வரிசையில் எந்த மருத்துவருக்கு நேரம் இருக்கிறது?

அதனால் நான் செய்யும் முதல் வேலை சட்ட வேலையே இல்லை. வந்தவரின் வேலை வரலாற்றை நானே ஒரு பக்கத்தில் எழுதுகிறேன்: எந்த வருடம், எந்த இடம், என்ன பொருளைக் கையாண்டார், முகமூடி கொடுத்தார்களா, சாப்பாட்டை எங்கே வைத்துச் சாப்பிட்டார். அதை எடுத்துக்கொண்டு நெஞ்சக மருத்துவரிடம் போகச் சொல்வேன். அந்தப் பக்கத்தைப் படித்த பிறகு சி.டி. ஸ்கேனில் நுரையீரல் உறைத் தடிப்புகளை மருத்துவர் பார்க்கும் பார்வையே வேறு. தூசிநோய் எக்ஸ்ரேக்களைத் தரம் பிரிக்க சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு ஒரு முறை வைத்திருக்கிறது; மாதிரிப் படங்களோடு ஒப்பிட்டு எண் போடுவார்கள். அந்த எண் அறிக்கையில் இருந்தால் விசாரணையில் பாதிச் சண்டை மிச்சம்.

மருத்துவர்களுக்கு இன்னொரு கடமையும் உண்டு. தொழிற்சாலைகள் சட்டம் 1948-இன் 89-ஆம் பிரிவுப்படி, மூன்றாம் அட்டவணையில் உள்ள நோயைக் கண்டால் தலைமை ஆய்வாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஆஸ்பெஸ்டோசிஸ் அந்த அட்டவணையில் இருக்கிறது. தெரிவிக்காவிட்டால் அந்தச் சட்டத்தில் ஆயிரம் ரூபாய்வரை அபராதம் இருந்தது. அபராதம் வாங்கிய மருத்துவரை நான் பார்த்ததில்லை. அறிக்கை அனுப்பிய மருத்துவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு தாள் போனதற்கான ஒப்புகைச் சீட்டை நான் நீதிமன்றத்தில் முதல் சான்றாவணமாகக் குறிப்பேன்.

அடுத்து, எந்த வழி. ஈ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் ஈ.எஸ்.ஐ. வழிதான், வேறு வழி கிடையாது. ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் 53-ஆம் பிரிவு, காப்பீடு செய்யப்பட்டவர் அதே பாதிப்புக்கு வேறு சட்டத்தில் இழப்பீடு கேட்பதைத் தடுக்கிறது. 1996-இல் டிரெஹான் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. பலர் இதைக் கேட்டுச் சோர்ந்துபோவார்கள். "அவன்கிட்ட கேஸ் போட முடியாதா வக்கீலம்மா?" என்பார்கள். எனக்கு ஈ.எஸ்.ஐ. வழிமேல் அவ்வளவு குறை இல்லை. 52-ஏ பிரிவின்படி தொழில்சார் நோய் என்பது பணியில் ஏற்பட்ட காயத்துக்குச் சமம். நிரந்தர ஊனம் என்று முடிவானால் சதவீதத்துக்கு ஏற்ப மாதாமாதம், உயிருள்ளவரை பணம் வரும். இறந்தால் குடும்பத்துக்குத் தொடரும். கம்பெனி இழுத்து மூடப்பட்டாலும் ஈ.எஸ்.ஐ. மூடப்படாது. நோயைத் தொழில்சார்ந்தது என்று முடிவு செய்ய வேண்டியது சிறப்பு மருத்துவக் குழு, சென்னையில் கே.கே. நகர் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனையில் இதற்கென்றே தொழில்சார் நோய் மையம் உண்டு. குழுவின் முடிவு பிடிக்காவிட்டால் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமோ ஈ.எஸ்.ஐ. நீதிமன்றமோ இருக்கிறது.

ஈ.எஸ்.ஐ. இல்லாதவர்களுக்கு 1923-ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். தமிழ்நாட்டில் இந்த வழக்கு தொழிலாளர் துணை ஆணையர் முன்னால் நடக்கும். இதன் மூன்றாம் அட்டவணையில் ஆஸ்பெஸ்டோசிஸும் இருக்கிறது, கல்நாரால் வரும் நுரையீரல் புற்றும் மீசோதெலியோமாவும் இருக்கின்றன. அட்டவணையில் இருக்கும் வேலையை உரிய காலம் செய்து, அட்டவணையில் இருக்கும் நோய் வந்தால், வேலையால் வரவில்லை என்று காட்ட வேண்டியது முதலாளி. தொழிலாளிக்குச் சாதகமாக இவ்வளவு தெளிவாக எழுதிய வரிகள் நம் சட்டப் புத்தகங்களில் அதிகம் இல்லை.

அதே சட்டத்தின் 10-ஆம் பிரிவில்தான் வில்லங்கம். இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும். வேலையை விட்ட பிறகு நோய் வந்தால்? விட்ட இரண்டு வருடத்துக்குள் அறிகுறி தென்பட்டால், தென்பட்ட நாளையே விபத்து நாளாகக் கொள்ளலாம் என்கிறது பிரிவு. இருபது வருடம் ஒளிந்திருக்கும் நோய்க்கு இரண்டு வருடக் கணக்கு! இந்த வரியை எழுதியவர் வெட்டுக்காயத்தை மனத்தில் வைத்து எழுதியிருப்பார் என்றே எனக்கு எப்போதும் தோன்றும்.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். லேகிங் மேஸ்திரி ஒருவர். 1998-இல் 58 வயதில் ஓய்வு. 2016-இல் மூச்சுத் திணறலோடு வந்து ஆஸ்பெஸ்டோசிஸ் என்று உறுதியானது. கம்பெனி வக்கீல் எழுந்து ஒரே வாதம் வைத்தார்: ஓய்வுக்கும் அறிகுறிக்கும் நடுவே 18 வருடம், மனுவே செல்லாது. நான் இரண்டு விஷயம் வைத்தேன். ஒன்று, தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை மன்னித்து மனுவை எடுத்துக்கொள்ள ஆணையருக்கு அதே 10-ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. தனக்கு நோய் இருப்பதே தெரியாதவன் எப்படி முன்பே வருவான்? இன்னொன்று, 1995 ஜனவரி 27-ஆம் தேதி உச்ச நீதிமன்றத் தீர்ப்பு.

அகமதாபாத்தின் நுகர்வோர் கல்வி மற்றும் ஆராய்ச்சி மையம் 1986-இல் போட்ட ரிட் மனு அது. நீதிபதி கே. ராமசாமி எழுதிய தீர்ப்பு. தொழிலாளியின் உடல்நலமும் மருத்துவமும் அரசியலமைப்பின் 21-ஆம் கூறு தரும் வாழ்வுரிமையில் அடக்கம், அது ஓய்வுக்குப் பிறகும் தொடரும் என்று சொன்னது. தேசியத் தொழில்சார் சுகாதார நிறுவனம் நோயை உறுதி செய்தவர்களுக்கு ஒரு லட்சம் ரூபாய் தரச் சொன்னது. எல்லாரும் நினைவில் வைத்திருப்பது அந்த ஒரு லட்சத்தைத்தான். எனக்கு முக்கியம் வேறொரு உத்தரவு: ஒவ்வொரு தொழிலாளியின் உடல்நலப் பதிவேட்டையும் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருடம், அல்லது வேலையை விட்டதிலிருந்து 15 வருடம், எது பின்னால் வருகிறதோ அதுவரை கம்பெனி வைத்திருக்க வேண்டும். நோய் இவ்வளவு தாமதமாக வரும் என்று நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கே தெரிந்திருக்கிறது. அதனால்தானே நாற்பது வருடம்? பிறகு இரண்டு வருடக் கணக்கைக் காட்டி ஒருவரை வாசலிலேயே திருப்பி அனுப்புவது எப்படி?

பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லி மனு போட்டேன். "பழையவை அழிக்கப்பட்டுவிட்டன" என்று பதில் வந்தது. இந்தப் பதிலுக்காகத்தான் மனுவே போடுவது. வைத்திருக்க வேண்டிய ஆவணத்தை அழித்தவர்மேல் பாதகமான அனுமானம் கொள்ளலாம் என்பது சாட்சியச் சட்டத்தின் பழைய விதி. ஆணையர் தாமதத்தை மன்னித்து மனுவை ஏற்றார்.

அடுத்த சண்டை சம்பளம். இழப்பீட்டுக் கணக்கு இப்படிப் போகும்: முழு ஊனமானால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான காரணியால் பெருக்க வேண்டும். 65 வயதும் அதற்கு மேலும் என்றால் காரணி 99.37. மேஸ்திரி 1998-இல் கடைசியாக வாங்கியது 3,200 ரூபாய். அதை வைத்துப் பெருக்கினால் 1,90,790. நோய் தெரிந்த 2016-இல் சட்டம் அனுமதித்த உச்சவரம்பான 8,000-த்தை வைத்தால் 4,76,976. நோய் தெரிந்த நாளில் அதே வேலையில் இருப்பவர் என்ன வாங்குகிறாரோ அதையே எடுக்க வேண்டும் என்பது என் வாதம். ஓய்வு பெற்றவருக்குச் சம்பாத்தியமே இல்லை, இழக்க என்ன இருக்கிறது என்பது எதிர்த்தரப்பு வாதம். இந்த விஷயத்தில் எனக்குச் சாதகமாகவும் உத்தரவு வந்திருக்கிறது, பாதகமாகவும் வந்திருக்கிறது. மேஸ்திரி வழக்கில் சாதகமாக வந்தது. 2020 ஜனவரியிலிருந்து உச்சவரம்பு 15,000. காலம் தாழ்த்தினால் 12 சதவீத வட்டி. நியாயமில்லாமல் தாழ்த்தினால் 50 சதவீதம்வரை அபராதம். உயர் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போக வேண்டுமானால் கம்பெனி முழுத் தொகையையும் ஆணையரிடம் கட்டிவிட்டுத்தான் போக முடியும். மேஸ்திரியின் கம்பெனி கட்டிவிட்டுத்தான் போனது.

குறுக்கு விசாரணையில் தவறாமல் வரும் கேள்வி: "நீங்க பீடி பிடிப்பீங்களா?" பிடித்திருந்தால் பிடித்தேன் என்று சொல்லுங்கள் என்றுதான் கட்சிக்காரர்களுக்குச் சொல்வேன். பீடி ஆஸ்பெஸ்டோசிஸைத் தராது, மீசோதெலியோமாவையும் தராது. நுரையீரல் புற்றில் மட்டும் பீடியும் கல்நாரும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகும். அங்கேயும் கல்நார்த் தூசிக்குப் பொறுப்பு குறைந்துவிடாது. பொய் சொல்லி மாட்டிக்கொண்ட சாட்சியைக் காப்பாற்றுவதுதான் கஷ்டம்.

கான்ட்ராக்ட் ஆட்கள் விஷயம் இன்னும் சிக்கல். கான்ட்ராக்டர் போய்ச் சேர்ந்திருப்பார், அல்லது பெயர் மாற்றி வேறு தொழிலில் இருப்பார். ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு முதன்மை வேலையளிப்பவரையே பொறுப்பாக்குகிறது. அவர் பிறகு கான்ட்ராக்டரிடம் வசூலித்துக்கொள்ளட்டும். ஆனால் அந்த வளாகத்துக்குள் வேலை செய்தார் என்று காட்ட வேண்டுமே! கேட் பாஸ் கேட்பது இதனால்தான். அது இல்லாதபோது ஆயுத பூஜைக்கு எடுத்த குரூப் போட்டோ, கேன்டீன் டோக்கன், கூட வேலை செய்தவரின் சாட்சியம் எல்லாம் உதவியிருக்கின்றன. தனியார் கம்பெனியிடம் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்க முடியாது. தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திடமும் வருங்கால வைப்புநிதி அலுவலகத்திடமும் கேட்கலாம். மூன்று நான்கு கம்பெனிகளில் மாறி மாறி வேலை செய்தவருக்கு நோய் எந்தக் கம்பெனித் தூசியால் வந்தது என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பெஸ்டோசிஸுக்கு எல்லா முதலாளிகளும் ஆணையர் நியாயமென்று கருதும் விகிதத்தில் கொடுக்க வேண்டும் என்று 3(2ஏ) பிரிவு இருக்கிறது. வியப்பு என்னவென்றால், இந்தப் பிரிவைக் காட்டியதும் அதுவரை 'இவர் எங்களிடம் வேலையே செய்யவில்லை' என்ற கம்பெனி, 'மற்றவரிடம்தான் அதிக நாள் செய்தார்' என்று பேசத் தொடங்கும்.

மீசோதெலியோமா என்று எழுதி வந்தால் மற்றக் கோப்புகளை எல்லாம் ஒதுக்கிவிடுவேன். கண்டுபிடித்த பிறகு பலர் ஒரு வருடம் தாண்டுவதில்லை. நம் வாய்தாக்களோ அதைவிட மெதுவாக நடக்கிறவை. முதல் வாரத்திலேயே, சாட்சியத்தை வீட்டிலோ மருத்துவமனைப் படுக்கையிலோ பதிவு செய்ய ஆணையாளர் வேண்டும் என்று மனு போட்டுவிடுவேன். திசுப் பரிசோதனை செய்த ஆய்வகத்துக்கு, மெழுகில் பதித்த பிளாக்கையும் கண்ணாடி ஸ்லைடையும் அழிக்க வேண்டாம் என்று கடிதம் போகும். அறிக்கைமேல் சந்தேகம் கிளப்பினால் மறுபடி பார்க்க அதுதான் ஆதாரம். வீட்டாரிடம் சொல்லக் கஷ்டமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும்: இறப்புச் சான்றில் 'இதயமும் சுவாசமும் நின்றதால் மரணம்' என்று மட்டும் எழுதினால் ஒத்துக்கொள்ளாதீர்கள். யாருக்குத்தான் கடைசியில் இதயமும் சுவாசமும் நிற்காது? அடிப்படைக் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள்.

சில வீடுகளுக்கு என்னிடம் வருவதற்கு முன்பே கம்பெனி ஆள் போயிருப்பார். கொஞ்சம் பணம், முத்திரைத்தாளில் ஒரு கையெழுத்து. கையெழுத்துப் போட்டுவிட்டோமே என்று பயந்து ஒரு வருடம் வராமலே இருந்தவர்கள் உண்டு. பயம் வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் ஊழியர் இழப்பீட்டுச் சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி செல்லாது. மரண இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும். நேரில் கொடுத்தால் அது இழப்பீடு கொடுத்ததாகவே ஆகாது என்கிறது 8-ஆம் பிரிவு.

படித்த பிள்ளைகள் செல்போனைக் காட்டி, வெளிநாட்டில் கோடிக் கணக்கில் கொடுக்கிறார்களே என்று கேட்பார்கள். அவர்களுக்குக் கேப் கம்பெனிக் கதையைச் சொல்வேன். தென்னாப்பிரிக்கக் கல்நார்த் தொழிலாளர்கள் தாய்க் கம்பெனியை லண்டனிலேயே வழக்குக்கு இழுக்கலாம் என்று 2000-இல் பிரிட்டனின் பிரபுக்கள் சபை தீர்ப்புச் சொன்னது. பெரிய வெற்றிதான். 2001-இல் 2 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு ஒத்துக்கொண்ட கம்பெனி அதைக் கட்டவில்லை. 2003-இல் 7,500 பேருக்கு 75 லட்சம் பவுண்டில் முடிந்தது. ஆளுக்குச் சராசரி ஆயிரம் பவுண்டு. இந்தியாவிலும் ஆலைகள் வைத்திருந்த டர்னர் அண்ட் நியூவால் கம்பெனியை 1998-இல் வாங்கிய ஃபெடரல் மொகல், 2001-இல் கல்நார் வழக்குகளின் சுமையால் திவால் பாதுகாப்புக்குள் போனது. கேட்டுவிட்டுப் பிள்ளைகள் தந்தையின் பி.எஃப். சிலிப்பைத் தேடப் போவார்கள்.

2025 நவம்பர் 21-இல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததிலிருந்து நான் சொன்ன பிரிவு எண்களில் பல இடம் மாறிவிட்டன. 1923-ஆம் ஆண்டுச் சட்டமும் ஈ.எஸ்.ஐ. சட்டமும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போயின. நோய்ப் பட்டியல் அங்கேயும் மூன்றாம் அட்டவணைதான். அதற்கு முன்பே எழுந்த உரிமைகளைப் பழைய சட்டப்படியே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இந்தச் சட்டங்கள் எதிலும் இடமில்லாத ஒரு கட்சிக்காரர் இப்போது இருக்கிறார். கணவர் ஷீட் ஆலையில் மூட்டை கொட்டியவர். இவர் ஆலைக்குள் கால் வைத்ததே இல்லை. தினமும் அவருடைய சட்டையையும் கால்சட்டையையும் உதறித் துவைத்தது மட்டும்தான். கணவர் சாலை விபத்தில் எப்போதோ இறந்துவிட்டார். மீசோதெலியோமா வந்தது மனைவிக்கு. அவர் ஊழியர் இல்லை, காப்பீடு செய்யப்பட்டவரும் இல்லை. மிச்சமிருப்பது உரிமையியல் நீதிமன்றம். நீதிமன்றக் கட்டணம் கட்ட வசதியில்லாததால் வறியவர் மனுவோடு சேர்த்து வழக்குப் போட்டிருக்கிறேன். வாசலுக்குள்ளேயே வராத ஒருவர்மேல் தங்களுக்கு எந்தக் கடமையும் இல்லை என்கிறது கம்பெனி. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1986-ஆம் ஆண்டுக் கல்நார் உடன்படிக்கையின் 18-ஆம் பிரிவை நான் இணைத்திருக்கிறேன். வேலை உடைகளை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று அது சொல்கிறது. இந்தியா அந்த உடன்படிக்கையை ஏற்கவில்லையே என்று எதிர்த்தரப்பு பதில் போட்டிருக்கிறது. 1995 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் அதை எடுத்துப் பேசியிருக்கிறது என்று நான் பதிலுக்குப் பதில் போட்டிருக்கிறேன். அந்த அம்மாவின் சாட்சியத்தைப் படுக்கையிலேயே பதிவு செய்தாகிவிட்டது. அடுத்த வாய்தாவில் ஆலையின் பழைய மேலாளரைக் கூண்டில் ஏற்றுகிறேன்.